புன்னவிளை ஜெயித்த மழை

கரைப்புரம் கல்லூரியைப் புன்னவிளைக் கல்லூரி கால்பந்தில் ஒன்றுக்குச் சைபர் என்று தோற்கடித்தது ஓர் ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. அன்று காலை ஏழு மணிக்குக் கடல் பக்கமிருந்து ஏறி வந்த மழை, மத்தியானம் மைதானத்தின் தகரக் கொட்டகையைப் பிடுங்கி ரப்பர் தோட்டத்துக்குள் போட்டது, மூன்றரை மணிக்கு ரெஃப்ரியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனது, நாலே முக்காலுக்குக் கடைசி விசில் ஊதியபோது அங்கே நின்றுகொண்டிருந்த புன்னவிளைக்காரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் தலை முதல் கால் வரை நனைத்து முடித்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல வடக்கே மலையைத் தாண்டிப் போய்விட்டது.

அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அதற்குப் பிறகு காயவில்லை.

துண்டால் துவட்டினார்கள், அடுப்படியில் உட்கார்ந்தார்கள், ஃபேனுக்குக் கீழே படுத்தார்கள், துணி மாற்றினார்கள், மாற்றிய துணியும் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் நனைந்தது. தலையிலிருந்து காது வழியாக, கழுத்து வழியாக, விரல் நுனி வழியாக மெதுவாக, நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. யாருக்கும் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதல் இருபது பேரைச் சோதித்துவிட்டு, மற்றவர்களுக்குச் சோதிக்காமலேயே சீட்டில் ‘நலம். ஈரம்.’ என்று எழுதிக் கொடுத்தார். ஊரில் யாரும் இதைப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முப்பத்தொரு வருஷம் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு கல்லூரி ஜெயித்திருக்கிறது, அது ஆச்சரியம். அதற்கு முன்னால் நாலு சொட்டுத் தண்ணீர் எந்த மூலைக்கு என்றுதான் ஊர் நினைத்தது.

ஒரு மாதத்துக்குள் ஊர் இதற்கென்று ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. பஸ்ஸில் ‘பெண்கள்’ என்று எழுதிய சீட்டுக்குப் பின்னால் ‘நனைந்தோர்’ என்று எழுதி, அதன் மேல் தார்ப்பாய் விரித்தார்கள். கோயிலில் அவர்களுக்கு மட்டும் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆராதனை முடிந்ததும் துடைக்கிற வேலையை வாலிபர் சங்கத்துக்குக் கொடுத்தார் போதகர். வங்கியில் அவர்களுடைய பாஸ்புக்கை அவர்கள் கையில் தராமல் கண்ணாடிக்குப் பின்னால் விரித்துக் காட்டினார்கள். கல்யாணத் தரகர்கள் பையனின் படிப்பு, உத்தியோகம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நனைஞ்ச பையன் பாத்துக்கிடுங்க” என்று சொன்னார்கள். இடலாக்குடிப் பக்கமிருந்து வந்த பெண் வீட்டார் மாப்பிள்ளையை முற்றத்தில் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள். ஐசக் சார் வீட்டு நடையில் நாலு தவளைகள் குடிவந்தன. கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர் அவர். முப்பத்தொரு தோல்வியில் இருபத்திரண்டு அவர் காலத்தில் நடந்தவை. தவளைகளை விரட்டச் சொன்ன மனைவியிடம், “கெடக்கட்டும், ஜெயிச்சவன் வீட்டுக்கு நாலு பேரு வரத்தான் செய்வாவ,” என்று சொல்லிவிட்டார்.

கரைப்புரத்துக்காரர்கள் மட்டும் இதைத் தோல்வியாதி என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர்களும் அதே மழையில்தான் நின்றார்கள், ஆனால் பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்வதற்குள் அவர்களுடைய ஜட்டி பனியன் உட்பட எல்லாம் காய்ந்துவிட்டிருந்தது.

இந்த ஊரில்தான், இந்தக் காலத்தில்தான், புன்னவிளைக் கால்பந்து ரசிகர்களுக்கெல்லாம் தலைவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பத்திர எழுத்தர் ஞானசிகாமணி, தினமும் விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய் மூன்று வாளித் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

*

ஞானசிகாமணி இருபத்தாறு வருஷமாக ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. சொந்தத் தங்கச்சியின் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் மைதானத்துக்கு ஓடியவர். நிலத்துக்கு நான்கெல்லை எழுதி எழுதிப் பழகிய கை என்பதால் ஆட்டத்தையும் அவர் அப்படித்தான் சொல்வார்: “வடக்கே கோல் போஸ்ட், தெக்கே நடுக்கோடு, கிழக்கே நான் நிக்கிய கொல்லாமரம், மேற்கே ஐசக் சாருக்க தொப்பி, இதுக்கு நடுவுல கெடந்த பந்தை…” என்று அவர் தொடங்கினால், ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் கையெழுத்துப் போட வந்தவர்கள் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்று கேட்பார்கள். தோல்விகளைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஐந்துக்குச் சைபர் என்று தோற்ற ஆட்டத்தைக்கூட, கேட்டவர்கள் நாமல்லவா ஜெயித்தோம் என்று சந்தேகப்படும்படி சொல்லத் தெரிந்தவர்.

அப்படிப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை என்ன செய்தார் என்றால், பழம்பொரி தின்றார்.

முதல் பாதி முழுக்க அந்தக் கொல்லாமரத்தடியில், முந்திரி இலைகளுக்குக் கீழே நின்று எல்லாரையும் போலத்தான் நனைந்தார். பந்து தண்ணீரில் மிதந்தது, ஆட்கள் சேற்றில் வழுக்கினார்கள், யார் எந்தக் கல்லூரி என்று சட்டையின் நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. போட்டோ எடுக்கலாம் என்று செல்போனை வெளியே எடுத்தவர்களின் செல்போன்கள் பத்தே நிமிஷத்தில் செத்துப்போயின. இடைவேளையில் ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று ரெஃப்ரி சொன்னதும், இரண்டு கேப்டன்களும் வேண்டாம் என்றதும், பாதி ஊர் வீட்டுக்குக் கிளம்பியதும் அவருக்குத் தெரியும். அவர் கிளம்பவில்லை. இரண்டாவது பாதி தொடங்கிப் பத்து நிமிஷம் நின்றார். அப்போது முக்கு ரோட்டிலிருந்த தாசையன் டீக்கடையிலிருந்து, மழைக்கு நடுவே ஒரு நூல் போல, மாவில் தோய்த்த ஏத்த வாழைப்பழம் எண்ணெயில் வேகிற வாசனை வந்து அவர் மூக்கைத் தொட்டது. சைபருக்குச் சைபர் என்று முடியப்போகிற ஆட்டம், ஒரே ஒரு டீ குடித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று போனார். போனவர் ஒன்று தின்றார், சூடாக இருந்தது, இரண்டாவது தின்றார், அது இன்னும் சூடாக இருந்தது. நாலாவது பழம்பொரி கையில் பாதியும் வாயில் பாதியுமாக இருந்தபோது மைதானத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்து வந்தது. அது போன்ற ஒரு சத்தத்தை அவர் இருபத்தாறு வருஷத்தில் ஒரு முறையும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே அத்தனை வருஷம் போயிருந்தார்.

ஓடினார். செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. கேட்டை அடைந்தபோது விசில் ஊதி முடிந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த கூட்டம் அவரைக் கண்டதும், “அண்ணாச்சி, பாத்தியளா, பாத்தியளா!” என்று கட்டிப்பிடித்துத் தூக்கியது. பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது, வாயில் பழம்பொரி இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் அவர் நாலு பேர் தோளில் இருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவி ஹெப்சிபாயிடம் இரண்டு மணி நேரம் அந்தக் கோலைச் சொன்னார். தோளில் வந்த வழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்ததையெல்லாம் வைத்துத் தைத்து, இடது பக்கத்து ஆட்டக்காரன் ஜெபின் மூன்று பேரை வெட்டியதையும், மின்னல் வெட்டியதையும், பந்து காற்றில் வளைந்து கம்பத்தில் உரசி வலையைக் கிழித்ததையும், வடக்குக் கோலுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் தான் மட்டும் தனியாக நின்று அதைப் பார்த்ததையும் சொன்னார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். வழக்கமாக அவர் ஆட்டம் சொல்லும்போது கீரை ஆய்வாள், துணி மடிப்பாள், நடுவில் எழுந்து போவாள். அன்று அப்படியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் அன்றைக்கு நன்றாகச் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டார்.

ராத்திரிக் கஞ்சிக்கு உட்காரும்போது அவர் முழுக்கக் காய்ந்திருந்தார்.

*

ஊர் காயவில்லை என்பது தெரிந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருடைய பாடு தொடங்கியது. காலையில் மூன்று வாளி. ரெஜிஸ்டர் ஆபீஸில் மணிக்கொரு தடவை பின்பக்கத்துப் பைப்படி. சட்டைப் பைக்குள் ஒரு பஞ்சு, அதைப் பிழிந்தால் பேசும்போது நெஞ்சில் நனையும். நனைந்தவர்களுக்கு வராத ஜலதோஷம் அவருக்கு மட்டும் வந்தது. தும்மலை அடக்கி அடக்கிக் கண் இரண்டும் செம்பருத்திப் பூப்போலச் சிவந்தன. தாசையனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் கடைக்கு முன்னால் ஞானசிகாமணி கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் கரண்டியைத் தூக்கி, ரொம்ப மரியாதையாக, “அண்ணாச்சி, பழம்பொரி எடுக்கட்டா?” என்று கேட்டான்.

ஒரே ஆறுதல் வீடுதான். வீட்டில் அவர் நடக்காத இடத்தில்கூட ஈரம் இருந்தது. அடுக்களைத் தரை நனைந்திருந்தது, பாய் நனைந்திருந்தது, தலையணை நனைந்திருந்தது. இதெல்லாம் தன்னால்தான் என்று நினைத்து அவர் உள்ளூரப் பெருமைப்பட்டார். ஒரு நாள் விடிகாலை போர்வை சொட்டச் சொட்ட நனைந்திருப்பதைக் கண்டு, கர்த்தர் தனக்கு இரங்கிவிட்டார், தானும் கடைசியில் நிஜமாகவே நனையத் தொடங்கிவிட்டோம் என்று கண்கலங்கக்கூடச் செய்தார்.

பன்னிரண்டாம் நாள் தக்கலைக்கு ஒரு பத்திர வேலையாகப் போனவர், அங்கே யாரும் தன்னைத் தெரிந்தவர் இல்லை என்பதால் நிம்மதியாகக் காய்ந்து, மத்தியானம் வீட்டுக்கு வந்தார். அடுக்களையில் ஹெப்சிபாய் அரிவாள்மணையில் சாளை மீன் கழுவி அரிந்துகொண்டிருந்தாள். அவளைச் சுற்றித் தரையில் ஒரு குளம். அவள் கொண்டையிலிருந்து ஒரு சொட்டு மூக்கு நுனிக்கு வந்து, கொஞ்சம் யோசித்து, மீன் மேல் விழுந்தது.

“குளிச்சியா?” என்றார்.

“இல்ல.”

“பின்ன?”

அவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். “பன்னெண்டு நாளாச்சு. இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா ஒங்களுக்கு?”

“நீ எப்படி… நீ எங்க…”

“மழ பெலமா இருந்து. ஒங்களுக்கு ஆஸ்துமா. மஃப்ளர எடுத்துட்டு மைதானத்துக்கு வந்தேன். முன்வாசல்ல ஒரே கூட்டம், பின்வாசல் வழியா வந்தா நேரா அந்த வலைக்குப் பொறத்தால கொண்டு விட்டுட்டு. ஒங்களத் தேடுனேன். ஒரு பக்கமும் காணல்ல. சரி, எங்க போவப்போறாவ, கொல்லாமரத்தடியிலதான் நிப்பாவன்னு அங்கேயே நின்னேன். அப்பறம் பந்து அந்தப் பக்கம் வந்துட்டு. எனக்கு வரத் தோணல்ல.”

ஞானசிகாமணி பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடமும் ஈரமாக இருந்தது.

“அப்ப நான் சொன்னப்ப…”

“நீங்க சொன்ன கோலும் நான் பாத்த கோலும் வேற வேற,” என்றாள் அவள். “ஆனா நீங்க சொன்னது கேக்க நல்லாருந்து. அதான் ஒண்ணும் சொல்லல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “இருவத்தாறு வருசமா நீங்க சொன்னதெல்லாம் இப்படித்தானோன்னு அன்னைக்கு ஒரு நெனப்பு வந்து,” என்றாள்.

“சத்தியமா இல்ல ஹெப்சி. இது ஒண்ணுதான்.”

“சரி.”

“யாருட்டயும் சொல்லாத.”

“நான் எதுக்குச் சொல்லப் போறேன்?” என்று மீனை இழுத்துக்கொண்டாள். அவள் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவள் சொட்டச் சொட்டக் கடைக்குப் போவதை ஊர் முதல் வாரமே பார்த்திருந்தது. புருஷனுடைய ஈரம் பெண்டாட்டிக்கு ஒட்டிக்கொண்டது என்றும், இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியம் என்றால் சும்மாவா என்றும், அதற்கு ஊரே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தது.

*

அப்போதுதான் கரைப்புரம் கல்லூரி பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டது. பந்து கோட்டைத் தாண்டவேயில்லை, கோட்டின் மேலே தேங்கியிருந்த தண்ணீரில் நின்றுவிட்டது, கோடு மழையில் அழிந்துபோயிருந்தது, ரெஃப்ரிக்குக் கண்ணாடி இல்லை, ஆகவே கோல் செல்லாது, கோப்பையைத் திருப்பி வாங்க வேண்டும் என்பது அதன் சாரம்.

புன்னவிளைக்கு இடி விழுந்தது போலிருந்தது. கோல் செல்லாது என்றால் ஜெயிக்கவில்லை. ஜெயிக்கவில்லை என்றால் இந்த ஈரம் எதற்கு? பொருள் இல்லாமல் சொட்டிக்கொண்டிருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு பேராக ஆகிவிடுவோம் என்கிற பயத்தில் ஊர் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. விசாரணைக்கு மூன்று பேர் வருகிறார்கள், கிட்ட நின்று பார்த்த நனைந்த சாட்சி ஒருவர் வேண்டும் என்று தாக்கீது வந்தது. ஐசக் சார் விசாரித்துப் பார்த்தார். காற்று தெற்கிலிருந்து அடித்ததால் கூட்டம் மொத்தமும் தெற்குச் சுவரோரம் ஒதுங்கியிருந்தது. வடக்குக் கோலுக்குப் பின்னால் யாருமே இல்லை. ஒரே ஓர் ஆளைத் தவிர. நாலடி தூரத்தில் தனியாக நின்றதாக ஊர் முழுக்கச் சொல்லியிருந்த ஞானசிகாமணி.

ஐசக் சார் சொட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சிகாமணி, எனக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மெண்ட். ஒரே ஒரு கோப்பை. ஒனக்க வாய்லதான் இருக்கு.”

அவர் போனபின் ஹெப்சிபாய் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “பாக்காதவன் சாட்சி போட்ட பத்திரம் நிக்குமா?”

“நிக்காது.”

“தெரியும்லா?”

“தெரியும். தெரியாமலா முப்பது வருசமா எழுதுகேன்?” என்று எரிந்து விழுந்தார். பிறகு மெதுவாக, “அப்ப நீ வந்து சொல்லு,” என்றார்.

“நான் சொன்னா, நீங்க எங்க நின்னியன்னு கேப்பாவ.”

அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

*

விசாரணை கல்லூரி நூலகத்தில் பகல் பதினோரு மணிக்கு நடந்தது. வெளியே மாமரத்தடியில் நானூறு பேர் நின்றதால் அங்கே ஓர் ஓடையே ஓடியது. உள்ளே நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கமிட்டித் தலைவி லலிதாம்பிகை, கணக்குப் பேராசிரியை, பேச்சைக் குறைத்துத் தாளைப் புரட்டுகிறவர். ஒரு பக்கம் கரைப்புரத்துப் பயிற்சியாளரும் அவருடைய கோல் கீப்பர் ரெஜித்தும். வெளியே வெயில் கொளுத்தியபோதும் அந்தப் பையன் மட்டும் கழுத்து வரை பொத்தான் போட்ட மழைக்கோட்டில் உட்கார்ந்திருந்தான்.

ஞானசிகாமணி ஐந்து வாளி ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “வடக்கே கோல் போஸ்ட்…” என்று தொடங்கினார். அவர் தலைக்கு நேர் மேலே, புத்தகங்களுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வாங்கிப் போட்ட பெரிய ஃபேன் ஒன்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெபின் முதல் ஆளை வெட்டும்போது அவருடைய தலைமுடி பறக்கத் தொடங்கியது. இரண்டாவது ஆளை வெட்டும்போது சட்டைக் காலர் மொரமொரத்தது. மூன்றாவது ஆளிடம் வந்தபோது அவர் கன்னத்திலிருந்த கடைசிச் சொட்டும் போய்விட்டது. ஐசக் சார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஜன்னல் வழியாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தவர்களில் யாரோ, “எம்மா, அண்ணாச்சி காயுதாவ!” என்றார்கள். அந்தச் செய்தி மாமரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

ஞானசிகாமணி தன் கையைப் பார்த்துக்கொண்டார். நன்றாகக் காய்ந்த, வரிவரியாகச் சுருக்கம் விழுந்த, எத்தனையோ சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைத்த கை. அந்த நேரத்தில் அவருக்கு வெட்கத்தைவிட வேறு ஒன்றுதான் பெரிதாகத் தெரிந்தது. இருபத்தாறு வருஷம், மழையிலும் வெயிலிலும், ஐந்துக்குச் சைபரிலும் ஆறுக்குச் சைபரிலும் அவர் ஒரு முறையும் எழுந்து போனதில்லை. தோற்கும்போதெல்லாம் கூட இருந்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்று தோன்றிய ஒரே நாளில்தான் போயிருந்தார். தோல்வியை நம்பி உட்கார்ந்திருக்கத் தனக்குத் தெரிந்திருக்கிறது, ஜெயிப்போம் என்று நம்பி நிற்கத்தான் தெரியவில்லை என்று நினைத்தார்.

“மேடம்,” என்றார், “நான் அங்க நிக்கல்ல. முக்கு ரோட்டுல பழம்பொரி தின்னுட்டு இருந்தேன். நாலு.”

ஜன்னலிலிருந்த தலைகள் எல்லாம் தாசையன் கடைப் பக்கம் திரும்பின.

“அங்க நின்னது எனக்க வீட்டுக்காரி.”

ஹெப்சிபாயை மாமரத்தடியிலிருந்து அழைத்து வந்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஃபேன் காற்று அவளிடமிருந்து தண்ணீரை வாரி மேசை முழுக்கத் தெளித்தது. லலிதாம்பிகை முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பந்து கோட்டைத் தாண்டியதா?” என்று கேட்டார்.

“கோடெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளப் பொடி கரைஞ்சு தரையெல்லாம் பால் கொட்டுன மாதிரி கெடந்து. பந்து உருண்டு உருண்டு வந்து, அந்தப் பாலையும் கடந்து, வலையில முட்டி, எனக்க கால் பக்கத்துல வந்து நின்னுது. நடுவுல வலை மட்டுந்தான்.”

மாமரத்தடி ஆர்ப்பரித்தது. ஐசக் சார் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

“அதுக்கு முன்னால ஒண்ணு நடந்து,” என்றாள் ஹெப்சிபாய். “அதையும் சொல்லணும்லா?”

“சொல்லுங்கள்.”

“இந்தப் பிள்ளைக்க,” என்று கோல் கீப்பரைக் காட்டினாள், “பூட்சு லேசு அவுந்து கெடந்து. ஓடுனா தட்டி விழுந்து பல்லு போயிரும். நான் சத்தம் போட்டேன், ‘மக்களே, லேசு அவுந்து கெடக்கு, பாத்து!’ன்னு. அது குனிஞ்சு பாத்துது. அந்த நேரம் பாத்து அந்தப் பந்து வந்துட்டு.”

ஆர்ப்பாட்டம் நின்றுபோயிற்று. கரைப்புரத்துப் பயிற்சியாளர் நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்து, “பாத்தீங்களா, பாத்தீங்களா! வெளியாள் தலையீடு!” என்று கத்தினார். லலிதாம்பிகை விதிப் புத்தகத்தை எடுத்து முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார். ஞானசிகாமணி மனைவியைப் பார்த்தார். அவள் ஏன் எல்லாரும் இப்படி விழிக்கிறார்கள் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

“விதியில் லேஸைப் பற்றி ஒன்றும் இல்லை,” என்றார் கடைசியில் தலைவி. “ரெஜித், நீங்கள் சொல்லுங்கள். அந்தக் குரலினால்தான் பந்தை விட்டீர்களா?”

பையன் எழுந்தான். எழுந்தபோது அவன் மழைக்கோட்டுக்கு அடியிலிருந்து சளசளவென்று தண்ணீர் கொட்டியது. பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பஸ்ஸில் எல்லாரும் காய்ந்தபோது தான் மட்டும் காயவில்லை என்பதை இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தவன், பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

“லேஸ் அவுந்துதான் இருந்தது மேடம். ஆனா அதுக்கு முன்னாலயே நான் தப்பான பக்கம் போயிட்டேன். அம்மா சத்தம் போடலைன்னாலும் கோல்தான். போடாம இருந்திருந்தா விழுந்து பல்லும் போயிருக்கும்.” பிறகு ஹெப்சிபாய் பக்கம் திரும்பி, “அதுவரைக்கும் அந்த மழையில எனக்குப் பொறத்தால யாருமே இல்லன்னு நெனச்சிட்டு நின்னேன், அம்மா,” என்றான்.

கோப்பை புன்னவிளையிலேயே இருந்தது. ஐசக் சார் ரெஜித்தைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டார், தவளைகளையும் காட்டினார். ஞானசிகாமணியை ஊர் தண்டிக்கவில்லை. அவருக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் யாராவது ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் வாயைத் திறக்கும் முன், “அண்ணாச்சி இருங்க, அக்காகிட்ட கேப்போம்,” என்றார்கள். ரசிகர் மன்றத்துத் தலைவர் நாற்காலியில் தார்ப்பாய் விரித்து ஹெப்சிபாயை உட்கார வைத்தார்கள். அவள் இரண்டு கூட்டத்துக்குப் போனாள், மூன்றாவது கூட்டத்துக்குப் பாடகர் குழுப் பயிற்சி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

மாசி மாதத்தில் நனைந்தவர்கள் காயத் தொடங்கினார்கள். ஒரே நாளில் இல்லை, ஒரே காரணத்தால் இல்லை. ஒருவர் பஸ்ஸில் தூங்கி எழுந்தபோது காய்ந்திருந்தார், ஒருவர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, ஜெபின் தன் முதல் நாள் வேலைக்குப் போகிற வழியில். ஹெப்சிபாய் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது காய்ந்தாள். சேலைத் தலைப்பை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து, பாயைச் சுருட்டி வெயிலில் போட்டாள். அவ்வளவுதான். பங்குனி பிறந்தபோது பஸ்ஸிலிருந்த ‘நனைந்தோர்’ என்கிற எழுத்தின் மேல் யாரோ ‘ஊனமுற்றோர்’ என்று எழுதிவிட்டிருந்தார்கள்.

அடுத்த வருஷத்தின் முதல் ஆட்டம் ஆடி மாதத்தில், மேகமே இல்லாத ஒரு மத்தியானம், பேர் தெரியாத ஒரு புதுக் கல்லூரியோடு நடந்தது. முப்பது பேர் வந்திருந்தார்கள். ஞானசிகாமணி வடக்குக் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. பந்து அங்கே போயிற்று, இங்கே வந்தது, ஒரு நாய் குறுக்கே ஓடிற்று, இரண்டு பக்கமும் கோல் இல்லை, சண்டை இல்லை, மஞ்சள் அட்டைகூட இல்லை. அவர் ஒரு நிமிஷமும் கண்ணை எடுக்காமல் பார்த்தார். விசில் ஊதியது. எல்லாரும் போனார்கள். மைதானத்துக் காவலாளி கோல் வலையைக் கழற்றிச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு போவது வரைக்கும் நின்றுவிட்டு அவரும் கிளம்பினார்.

முக்கு ரோட்டில், அவரிடம் பத்திரம் எழுதிக்கொண்ட பழைய கட்சிக்காரர் ஒருவர் அவரைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். “அண்ணாச்சி, ஆட்டம் எப்படி?” என்று கேட்டு, ஒரு மணி நேரத்துக்குத் தயாராகச் சைக்கிளை ஸ்டாண்டும் போட்டார்.

ஞானசிகாமணி யோசித்தார்.

“ரெண்டு பேருக்கும் கோல் இல்ல,” என்றார்.

கட்சிக்காரர் காத்திருந்தார். ஞானசிகாமணியும் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் கட்சிக்காரர் அவர் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தார், பிறகு சைக்கிளைத் திருப்பி, அவர் வீட்டுக்கே போய், வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தார்: “அக்கா, அண்ணாச்சிக்கு ஒடம்பு சரியில்ல போலிருக்கு. சீக்கிரம் ஒரு ஆட்டோ புடிங்க.”